தோமா நற்செய்தி: எந்த வழியில் உள்ளே போவது?

பைபிளில் சேராத தோமா நற்செய்தியைப் படிக்க உட்காருகிறவர்களில் பலர் ஐந்தாவது ஆறாவது கூற்றிலேயே திணறிப்போகிறார்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரிடமும் பழகிய கண்ணுக்கு இங்கே பிடிமானம் எதுவும் கிடைக்காது. பிறப்பு இல்லை, அற்புதம் இல்லை, சிலுவை இல்லை, திறந்த கல்லறையும் இல்லை. "இயேசு சொன்னார்" என்று ஒரு கூற்று, அப்புறம் இன்னொன்று, இப்படியே 114. நடுவில் எப்போதாவது ஒரு சீடர் கேள்வி கேட்கிறார். முதல் கூற்று இப்படி இருக்கிறது: இந்த வார்த்தைகளின் பொருளைக் கண்டடைகிறவர் சாவைச் சுவைக்க மாட்டார். வாசகருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு நூல் ஒதுங்கி நிற்கிறது.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் ஆய்வுலகம் நாலு பாதைகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. ஒரு வாசிப்புக் குழுவோ, இறையியல் மாணவரோ, தனியாகப் படிப்பவரோ முதலில் எதைத் தேர்ந்துகொள்வது நல்லது என்பதுதான் இங்கே கேள்வி. என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நூலை அதன் வரிசையிலேயே, அதன் கையெழுத்துப் படிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் முதல் வாசிப்புக்கு ஏற்றது. மற்ற மூன்றில் இரண்டு அதற்குப் பிறகு உதவும். ஒன்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வழிகளுக்குள் போகுமுன் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். சிறுவன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்கவிடும் கதை வருவது 'தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி' என்ற வேறு நூலில். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அடுத்து, சென்னையில் பரங்கிமலையும் சாந்தோமும் இருப்பதால் தோமா என்றதும் நமக்கு இந்தியப் பயணம் நினைவுக்கு வரும். அந்தப் பயணத்தைச் சொல்வது 3-ஆம் நூற்றாண்டில் சிரியாப் பகுதியில் எழுந்த 'தோமாவின் பணிகள்'. இரு நூல்களிலும் அவர் யூதா தோமா என்றே அழைக்கப்படுவதால், நம் நற்செய்தியும் அந்தப் பக்கத்தில் உருவாகியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அதற்குள் இந்தியா பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நம் கையில் இருக்கும் ஆதாரம் என்ன? முழு நூல் ஒரே ஒரு படியில் மட்டும் கிடைத்திருக்கிறது, அதுவும் பழைய எகிப்திய மொழியான காப்டிக்கில். 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே கண்டெடுத்த தோல் அட்டைச் சுவடிகளில் இரண்டாவது சுவடிக்குள் அது இருந்தது. இப்போது கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தொகுதியில் இன்னொரு சுவடியின் அட்டைக்கு உள்ளே திணித்திருந்த பழைய தாள்களில் 341, 346, 348 என்ற ஆண்டுக் கணக்குகள் கிடைத்தன. ஆகவே இந்தச் சுவடிகள் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் நூல் அதைவிடப் பழையது. 1897-லும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இருவர் எகிப்தின் ஆக்ஸிரின்கஸ் குப்பைமேடுகளில் தோண்டியபோது மூன்று கிரேக்கத் துண்டுகள் கிடைத்தன. மூன்றும் மூன்று தனித்தனிப் படிகளின் மிச்சம். ஒன்று, யாரோ ஒருவரின் நில அளவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதியது. அவற்றில் மிகப் பழையது ஏறக்குறைய கி.பி. 200. அவை தோமா நற்செய்தியின் துண்டுகள் என்று தெரிய 1950-களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காப்டிக் படியோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு அறிஞர் புயெக். மொத்தத்தில் சுமார் இருபது கூற்றுகளுக்குத்தான் கிரேக்கச் சான்று இருக்கிறது.

இனி வழிகள்.

முதல் வழி, இதைப் பழைய ஊற்றாகப் பார்ப்பது. நான்கு நற்செய்திகளையும் சாராமல் இயேசுவின் வார்த்தைகளைத் தனியாகக் காத்து வைத்திருக்கும் நூல் இது என்பது ஹெல்முட் கோஸ்டர், ஸ்டீபன் பேட்டர்சன் போன்றவர்களின் நிலை. அவர்கள் காட்டும் சான்றுகள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. மத்தேயுவும் லூக்காவும் பயன்படுத்தியதாகக் கருதப்படும் 'க்யூ' என்ற கூற்றுத் தொகுப்பு வெறும் ஊகமாகவே இருந்தபோது, அதே வடிவத்தில் ஒரு நூல் மண்ணிலிருந்து வெளியே வந்தது. கூற்றுகளின் வரிசை மற்ற நற்செய்திகளின் வரிசையைப் பின்பற்றவில்லை. உவமைகளும் எளிமையாக இருக்கின்றன. விதைப்பவர் உவமையை (9-ஆம் கூற்று) மாற்கு 4-ஆம் அதிகாரத்தோடு வைத்துப் பார்த்தால், மாற்குவில் வரும் நீண்ட விளக்கம் இங்கே இல்லவே இல்லை. விளக்கம் பின்னால் சேர்ந்தது, உவமைதான் மூலம் என்றால், தோமாவில் இருப்பது மூலத்துக்கு நெருக்கமான வடிவம் ஆகிறது.

இந்த வாதத்தில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பொருளைக் கண்டுபிடிப்பது உன் பாடு என்று முதல் கூற்றிலேயே சொல்லிவிட்ட நூல் இது. அப்படிப்பட்ட நூலைத் தொகுத்தவர், விளக்கம் கையில் இருந்தாலும் அதை எடுத்துவிட்டுத்தான் உவமையைப் போட்டிருப்பார். விளக்கம் இல்லாதது பழமைக்கும் அடையாளமாகலாம், நூலின் நோக்கத்துக்கும் அடையாளமாகலாம். எது என்று அந்த ஒரு கூற்றை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். தோமா மற்ற நற்செய்திகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் என்கிறது. 2012-இல் மார்க் குட்ஏக்கர், சைமன் கேதர்கோல் இருவரும் தனித்தனியாக இதை விரிவாக வாதிட்டார்கள். இவர்களின் பலம் நுணுக்கத்தில் இருக்கிறது. மாற்குவில் இருக்கும் ஒரு வாக்கியத்தை லூக்கா தம் நடைக்கு மாற்றி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றமே தோமாவிலும் இருந்தால், தோமாவுக்கு லூக்கா தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? 5-ஆம் கூற்றின் கிரேக்கத் துண்டில் அப்படித்தான் இருக்கிறது. மறைந்திருப்பது எதுவும் வெளிப்படாமல் போகாது என்ற வரி மாற்கு 4:22-இன் அமைப்பில் இல்லை, லூக்கா 8:17 மாற்றி எழுதிய அமைப்பில் இருக்கிறது. தன் ஊரில் எந்த இறைவாக்கினரும் ஏற்கப்படுவதில்லை என்ற 31-ஆம் கூற்றிலும் லூக்காவின் சாயல் தெரிகிறது. துண்டுகள் சிதைந்தவை என்பது உண்மைதான், ஆனாலும் இந்த வாதத்தை நான் பலமானதாகவே பார்க்கிறேன். எல்லாக் கூற்றுகளும் பழைய தனி ஊற்றிலிருந்து வந்தவை என்று இனிச் சொல்வது கடினம்.

ஆனால் இந்த இரண்டாவது வழியில் மட்டும் நடப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் மத்தேயுவையோ லூக்காவையோ வைத்து, எங்கிருந்து எடுத்தது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டால் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. அப்புறம் 97-ஆம் கூற்று வரும்போது கை நின்றுவிடும். தந்தையின் ஆட்சி ஒரு பெண்ணைப் போன்றது, அவள் மாவு நிறைந்த ஒரு சாடியைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்கிறாள், சாடியின் காது உடைகிறது, மாவு அவளுக்குப் பின்னால் வழி நெடுகக் கொட்டுகிறது, அவளுக்குத் தெரியவில்லை, வீடு வந்து இறக்கி வைத்துப் பார்த்தால் சாடி காலி. இதற்கு மத்தேயுவில் இணை இல்லை, லூக்காவில் இல்லை, எங்குமே இல்லை. முதல் வழிக்காரர்களும் இது பழையதாக இருக்கலாம் என்பதற்கு மேல் அதிகம் சொல்ல முடிவதில்லை.

மூன்றாவது வழி, இதை நாஸ்டிக் நூலாக வாசிப்பது. நூல் வெளிவந்த புதிதில் இதுதான் மேலோங்கி இருந்தது. உலகம் ஒரு தாழ்ந்த தெய்வத்தின் படைப்பு, மனிதனுக்குள் சிக்கியிருக்கும் ஒளிப்பொறி மறைஞானத்தால் விடுபடும் என்ற சட்டகத்தை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு படிப்பது. இதற்குச் சொல்லும் காரணம், நூல் கிடைத்த இடம். இரண்டாவது சுவடியில் இதற்கு முன்னால் இருப்பது யோவானின் மறைநூல், பின்னால் இருப்பது பிலிப்பு நற்செய்தி. இரண்டிலும் அந்த உலகப் பார்வை உண்டு.

பக்கத்தில் இருந்தது என்பது போதுமான காரணமில்லை. அதே தொகுதியின் ஆறாவது சுவடியில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. அதற்காக யாரும் பிளேட்டோவை நாஸ்டிக் என்று சொல்வதில்லை. தோமாவுக்குள் தாழ்ந்த படைப்புத் தெய்வமோ, வான மண்டலங்களின் வம்சாவளியோ, வீழ்ந்த ஞானத்தின் கதையோ கிடையாது. ஒளி பற்றிய கூற்றுகளும், உடலை இழிவாகப் பார்ப்பது போன்ற கூற்றுகளும் சில இருக்கின்றன. அவை அந்தக் காலத்துப் பிளேட்டோவிய மரபிலும், சிரியாவின் துறவுப் போக்கிலும் காணக்கூடியவைதான். இந்தச் சட்டகத்தின் பெரிய குறை, எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் ஒரே பதிலைச் சொல்வது. சாடி உடல், மாவு ஒளி என்று 97-ஐ ஒரு வரியில் முடித்துவிடும். முதல் வாசிப்புக்கு இதை விட்டுவிடலாம் என்று சொன்னது இதனால்தான்.

நான்காவது வழி, நூலை வரிசையாகவும் நெருக்கமாகவும் படிப்பது. கூற்றுகளுக்கு இடையே தொடர்ச்சி கிடையாது, எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1, 2, 3 என்ற எண்களும் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். அந்த எண்கள் சுவடியில் இல்லை, நவீனப் பதிப்பாசிரியர்கள் போட்டவை. அவற்றை மறந்துவிட்டு 96, 97, 98 மூன்றையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். மூன்றும் தந்தையின் ஆட்சி இதைப் போன்றது என்றே தொடங்குகின்றன. முதலில் ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை வேறு மாவுக்குள் மறைத்துவைத்துப் பெரிய அப்பங்களாக்குகிறாள். அடுத்து ஒரு பெண் சாடி நிறைய இருந்த மாவை அறியாமல் இழக்கிறாள். மூன்றாவதில், பலசாலி ஒருவனைக் கொல்ல நினைப்பவன், கைக்கு வலு இருக்கிறதா என்று வாளை வீட்டுச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டுப் போய்க் கொல்கிறான். முதல் பெண்ணிடம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று வேலை செய்து பெருகுகிறது, இரண்டாமவளிடம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது, மூன்றாமவன் தன்னிடம் இருப்பதை முன்கூட்டியே சோதித்துக்கொள்கிறான். இந்த மூன்றுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும்போது 97 கவனத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. 113-ஆம் கூற்றும் இதற்குத் துணை நிற்கிறது: தந்தையின் ஆட்சி பூமியெங்கும் பரந்து கிடக்கிறது, மனிதர்கள்தான் அதைக் காண்பதில்லை. வேறு விதமாகப் படிக்கவும் இடமிருக்கிறது, ஆனால் அந்த விவாதம் நூலுக்குள்ளேயே நடக்கும்.

இந்த வழியின் பலத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் இடம் 65-ஆம் கூற்று. திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உவமை. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இது ஏசாயா இறைவாக்கு நூலில் வரும் வேலி, ஆலை, காவல்மாடத்தோடு வருகிறது, கடைசியில் தோட்டக்காரர்களுக்குத் தண்டனையும் உண்டு. தோமாவில் வேலியும் இல்லை, மாடமும் இல்லை, தண்டனையும் இல்லை. இரண்டு வேலைக்காரர்கள் அடிபடுகிறார்கள், மகனை அனுப்புகிறார், அவர்கள் அவனைப் பிடித்துக் கொல்கிறார்கள். கேட்கச் செவியுள்ளவர் கேட்கட்டும். முடிந்தது.

முதல் வழிக்காரர்கள் இதைத் தங்கள் சிறந்த சான்றாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் வழிக்காரர்கள் உடனே லூக்கா 20-ஐத் திறக்கிறார்கள். அங்கேயும் வேலியும் மாடமும் இல்லை. 'ஒருவேளை' என் மகனுக்கு மரியாதை கொடுப்பார்கள் என்று சொந்தக்காரர் தயங்கிச் சொல்வது லூக்காவிலும் தோமாவிலும் மட்டும் இருக்கிறது. இரு தரப்பும் சரியாகவே பார்க்கிறார்கள், ஆனால் வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இப்போது சுவடியின் பக்கத்துக்கே போவோம். உவமையின் தொடக்கத்தில், தோட்டத்தின் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது. முன்பாதி எழுத்துகளும் கடைசி எழுத்தும் இருக்க, நடுவில் ஓரிரு எழுத்துகள் போய்விட்டன. ஒரு விதமாக நிரப்பினால் அவர் 'நல்ல மனிதர்'. இன்னொரு விதமாக நிரப்பினால் 'வட்டிக்குக் கொடுப்பவர்'. உவமை முழுவதும் இந்தச் சின்ன ஓட்டையில் தொங்குகிறது. நல்லவர் என்றால் பாவம், பொல்லாதவர்கள் அவர் மகனைக் கொன்றுவிட்டார்கள். வட்டிக்காரர் என்றால், வசூலுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிக் கடைசியில் மகனையே பறிகொடுத்த பேராசைக்காரரின் கதை.

நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பது தெரிந்தாலும் இந்த ஓட்டை அடையாது. வரிசை கொஞ்சம் அடைக்கிறது. 63-இல் ஒரு பணக்காரர், விதைத்து அறுத்துக் களஞ்சியத்தை நிரப்பத் திட்டம் போட்டு, அன்று இரவே சாகிறார். 64-இல் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வர மறுக்கிறார்கள்: ஒருவருக்கு வியாபாரிகளிடமிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது, ஒருவர் வீடு வாங்கியிருக்கிறார், ஒருவர் வாங்கிய நிலத்துக்கு வாடகை வசூலிக்கப் போகிறார். வாங்குபவர்களும் வியாபாரிகளும் என் தந்தையின் இடங்களுக்குள் நுழைய மாட்டார்கள் என்று அந்தக் கூற்று முடிகிறது. அதை அடுத்து 65. இன்னும் கொஞ்சம் தள்ளி 95-இல், உங்களிடம் பணம் இருந்தால் வட்டிக்குக் கொடுக்காதீர்கள், திருப்பித் தராதவரிடம் கொடுங்கள் என்று நேராகவே வருகிறது. பணத்தோடு மல்லுக்கட்டும் மூன்று கதைகளை அடுத்தடுத்து வைத்தவர், மூன்றாவதின் நாயகரை நல்லவர் என்று அறிமுகப்படுத்துவாரா? எனக்கு வட்டிக்காரர் என்பதே பொருத்தமாகப் படுகிறது. உறுதி என்று சொல்ல மாட்டேன், 66-ஆம் கூற்றில் வீடு கட்டுவோர் தள்ளிய மூலைக்கல் வந்து கொல்லப்பட்ட மகனை மறுபடி உயர்த்துகிறதே என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியும் வரிசையைப் பார்ப்பவருக்குத்தான் தோன்றும். உங்கள் கையில் இருக்கும் மொழிபெயர்ப்பு 65-ஐ எப்படித் தொடங்குகிறது, அடிக்குறிப்பில் ஓட்டையைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பும் தேவை.

நான்காவது வழிக்கும் ஒரு ஆபத்து உண்டு. காப்டிக் படியின் வரிசைதான் நூலின் வரிசை என்று நம்பிவிடுவது. கிரேக்கத் துண்டுகள் அந்த நம்பிக்கையை உடைக்கின்றன. காப்டிக்கில் 77-ஆம் கூற்று, நானே எல்லாவற்றுக்கும் மேலான ஒளி என்று தொடங்கி, மரத்தைப் பிளந்து பாருங்கள், நான் அங்கே இருக்கிறேன், கல்லைத் தூக்குங்கள், என்னை அங்கே காண்பீர்கள் என்று முடிகிறது. மிகவும் புகழ்பெற்ற வரி. கிரேக்கத் துண்டில் அந்தக் கல்லும் மரமும் 30-ஆம் கூற்றோடு இருக்கின்றன, தனித்து இருப்பவரோடு நான் இருக்கிறேன் என்ற வாக்கியத்துக்கு அடுத்து. அங்கே அது பிரபஞ்சம் முழுக்க நிறைந்த ஒளியைப் பற்றியதல்ல. கல்லுடைத்து மரம் வெட்டித் தனியாக உழைப்பவரோடு இருப்பதைப் பற்றியது என்று படிக்கலாம். யாரோ ஒருவர் நடுவில் இடத்தை மாற்றியிருக்கிறார், பொருளும் மாறிவிட்டது.

5-ஆம் கூற்றிலும் இப்படி ஒன்று உண்டு. கிரேக்கத் துண்டின் முடிவில், புதைக்கப்பட்டது எதுவும் எழுப்பப்படாமல் போகாது என்ற வரி இருக்கிறது, காப்டிக்கில் இல்லை. அதே வரி, இயேசு சொல்கிறார் என்ற முகப்போடு, ஆக்ஸிரின்கஸில் கிடைத்த 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டுச் சவத்துணி ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. யாரோ தங்கள் வீட்டில் இறந்தவரை இந்த வரியோடு சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். மறைநூல், ரகசியக் குழு என்றெல்லாம் பேசும்போது நான் அந்தத் துணியை நினைத்துக்கொள்வேன். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை வைத்த சாதாரணக் குடும்பம் ஒன்றிடமும் இந்த வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த இரு இடங்களையும் பார்த்த பிறகு, மொத்த நூலுக்கும் ஒரே காலம், ஒரே ஊற்று என்று பேசுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஏப்ரல் டிகோனிக் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து இந்த நிலைக்கு நெருக்கமானது: ஒரு பழைய கரு இருந்தது, தலைமுறை தலைமுறையாக அதில் புதிய கூற்றுகள் ஒட்டிக்கொண்டே வந்தன என்கிறார். எந்தக் கூற்று கருவில் இருந்தது, எது பின்னால் வந்தது என்று அவர் பிரிக்கும் விதம் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. கூற்று கூற்றாகத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்ற அளவில் அவர் சரி.

அப்படியானால் யார் எதை எடுப்பது? இறையியல் கல்லூரியில் தேர்வுக்கோ ஆய்வுக்கோ படிப்பவருக்கு இரண்டாவது வழியைத் தவிர்க்க முடியாது. ஆனாலும் நூலை வரிசையாக இரண்டு தடவையாவது படித்து முடிக்காமல் ஒப்பீட்டு அட்டவணையைத் திறக்க வேண்டாம். இயேசு உண்மையில் என்ன சொன்னார் என்ற கேள்வியோடு வருபவருக்கு முதல் வழி பயன்படும். அவர் 8, 9, 20, 65 போன்ற உவமைகளில் மட்டும் நின்றுகொள்வது நல்லது, ஒளிக் கூற்றுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மறையுரைக்கோ பிரசங்கத்துக்கோ தேடுபவர் லூக்காவோடு ஒப்பிட்டுப் படித்தால், லூக்கா எதை வலியுறுத்துகிறார் என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும். மற்ற எல்லோருக்கும், குறிப்பாகக் குழுவாகப் படிப்பவர்களுக்கு, நான்காவது வழிதான். கிரேக்கத் துண்டுகளின் மொழிபெயர்ப்பு இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

குழுவாகப் படிப்பவர்கள் கடைசிக் கூற்றுக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். மரியா நம்மை விட்டுப் போகட்டும், பெண்கள் வாழ்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று பேதுரு சொல்கிறார். நான் அவளை ஆணாக்குவேன் என்று இயேசு பதில் சொல்கிறார். 114-ஐப் பின்னால் ஒட்டப்பட்டது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். அதற்குக் கையெழுத்துச் சான்று எதுவும் இல்லை, அந்தப் பகுதிக்குக் கிரேக்கத் துண்டே கிடையாது. நாஸ்டிக் சட்டகம் ஆண் என்றால் ஆவி என்று சொல்லிக் கடந்துவிடும். நூலுக்குள்ளேயே பாருங்கள்: 21-இல் சீடர்கள் யாரைப் போன்றவர்கள் என்று இயேசுவிடம் கேட்பவர் மரியா. 22-இல் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இல்லாமல் இரண்டும் ஒன்றாகும்போதுதான் ஆட்சிக்குள் நுழைவீர்கள் என்கிறார். 61-இல் சலோமி என்ற பெண், நான் உம்முடைய சீடர் என்கிறார், அதை இயேசு மறுக்கவில்லை. இந்த நாலையும் ஒரே அமர்வில் சேர்த்துப் படியுங்கள். பேதுருவின் பேச்சை நூல் ஏற்கவில்லை என்பது வரை நிச்சயமாகச் சொல்லலாம். இயேசுவின் பதில் 22-ஐ மறுக்கிறதா, அல்லது அதே கருத்தைத்தான் அந்தக் காலத்து ஆண்மொழியில் சொல்கிறதா என்பதில் உங்கள் குழு இரண்டாகப் பிரியக்கூடும். நான் முதல் பக்கம் சாய்கிறேன், அதாவது இரண்டு கூற்றுகளும் ஒரே கையிலிருந்து வந்தவையல்ல என்று.